பெண் நுழையக் கூடாத சுரங்கம்: கற்பனை உலக விளையாட்டுகளில் விலக்குகள் எப்படி வேலை செய்கின்றன?

"மந்திரம் இருக்கு, டிராகன் இருக்கு, செத்தவனை எழுப்பிக்கூட விடலாம். ஆனா பொண்ணு மட்டும் அந்தச் சுரங்கத்துக்குள்ள போகக் கூடாதா?"

ரோல்பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்று விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் பெண்கள், சில வாரங்களிலேயே இதைக் கேட்டுவிடுகிறார்கள். கோலாலம்பூரில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசியபடி ஆடும் மேசைகளில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று ஆட்டத்தை நடத்துபவர் வாயை அடைத்துவிடுவார். இல்லையென்றால், எதற்கு வம்பு என்று அந்த விலக்கையே தூக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிடுவார். முதல் பதிலை ஏற்கவே முடியாது, ஏனென்றால் கற்பனை உலகத்துக்கு 'அந்தக் காலம்' என்று ஒன்று கிடையாது, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதுதான் எல்லாம். இரண்டாவது பதிலில் சண்டை தீர்ந்துவிடும், ஆனால் உலகம் சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது. ஒரு விலக்கு அந்த உலகத்தில் யாருக்கு என்ன கொடுக்கிறது, யாரிடமிருந்து என்ன எடுக்கிறது, அதை மாற்ற வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும், இந்த மூன்றும் எழுதப்பட்டிருந்தால் அது கதைக்குப் பயன்படும். 'கூடாது' என்பது மட்டும் எழுதப்பட்டிருந்தால், நடத்துபவரின் சொந்தப் பழக்கம்தான் உலகத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

முதலில் அடிப்படை

பாத்திரமேற்று விளையாட்டில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பேசியே ஒரு கதையை நகர்த்துவார்கள். முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டுவார்கள். ஒருவர் மட்டும் எந்தப் பாத்திரத்தையும் எடுக்காமல் உலகத்தையே கையில் வைத்திருப்பார், அவர்தான் கேம் மாஸ்டர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு.

இந்தக் கட்டுரைக்குத் தேவையான சொற்கள் மூன்றுதான்.

1. பாலினப் பங்கு: அந்த உலகத்தின் சமூகம் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பிரித்துக் கொடுத்திருக்கும் வேலை, உரிமை, கடமை.

2. விலக்கு: தெய்வத்தின் பேரிலோ முன்னோரின் பேரிலோ ஒரு செயல், உணவு, இடம், பேச்சு ஆகாது என்று வைத்திருப்பது. தீட்டு, விரதம், நேர்த்திக்கடனுக்காக எதையாவது விட்டுக்கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

3. மேசை விதி: விளையாட உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது. இது உலகத்துக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. முதல் இரண்டையும் மூன்றாவதோடு போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

ஒரே விலக்கு, மூன்று காலம்

விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க டி அண்ட் டியின் ட்ரூயிட் நல்ல உதாரணம். காட்டையும் மரத்தையும் வழிபடும் பூசாரி வகை இது, 1976இல் ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடும் பாத்திரமாக வந்தது. உலோகக் கவசம் அணிவதில்லை என்ற விலக்கு அன்றிலிருந்தே அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு விலை போட்டிருந்தார்கள். இரும்புக் கவசத்தை மாட்டினால், அதைக் கழற்றும் வரைக்கும் அதற்கப்புறம் 24 மணி நேரத்துக்கும் மந்திரம் வராது. தெளிவான கணக்கு. ஆட்டக்காரர் அந்த விலையைக் கொடுக்கத் தயாரா என்று யோசிக்கலாம். நாளைக் காலை மந்திரம் தேவையில்லை, இப்போது உயிர் பிழைக்க வேண்டும், சரி, மாட்டு கவசத்தை. அந்த இடத்தில் விலக்கே ஒரு காட்சியாகிவிடுகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ட்ரூயிட்கள் உலோகக் கவசம் அணிய மாட்டார்கள் என்று மட்டும் எழுதிவிட்டு, அணிந்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டுவிட்டது. ஆளாளுக்குக் கேட்டுத் துளைத்தபோது வெளியீட்டாளர் தரப்பிலிருந்து வந்த விளக்கம், சைவம் சாப்பிடுகிறவரால் இறைச்சி சாப்பிட முடியும், ஆனால் அவர் சாப்பிடுவதில்லை, அதுபோலத்தான் இதுவும் என்றது. விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. மேசையில் மட்டும் அது எடுபடவில்லை. என் பாத்திரம் எதை விரும்பும், எதை விரும்பாது என்று விதிப்புத்தகம் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டால் பதில் இல்லை. 2024இல் வந்த புதிய பதிப்பில் அந்த விலக்கே இல்லை.

விலை இருந்தவரை விலக்குக்கு உயிர் இருந்தது. விலையை எடுத்ததும் அது வெறும் உத்தரவாக மாறியது, உத்தரவு கொஞ்ச நாளில் காணாமல் போனது. பாலின விலக்குகளுக்கும் நடப்பது இதேதான்.

உடலில் எழுதிய விதி, ஊரில் எழுதிய விதி

1978இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி விதிப்புத்தகத்தில், மனிதப் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு உச்சவரம்பு 18/50, அதாவது 18க்கு மேல் நூற்றுக்கு ஐம்பது. ஆணுக்கு 18/00, அதாவது 18க்கு மேல் நூற்றுக்கு நூறு. அடுத்த பதிப்பு 1989இல் வந்தபோது இதை எடுத்துவிட்டார்கள்.

இது பாலினப் பங்கு கூட இல்லை. பங்கு என்றால் சமூகம் தருவது, சமூகத்தோடு வாதாடலாம், ஏமாற்றலாம், ஊரைவிட்டே போகலாம். எண்ணில் எழுதிவிட்டால் அது அந்த உலகத்தின் இயற்கை விதியாகிவிடுகிறது. டிராகனை வீழ்த்திய வீராங்கனையாலும் தாண்ட முடியாத ஒரு சுவர், அதுவும் எந்தக் கதையும் சொல்லாத சுவர். ஆகவே முதல் முடிவாக இதை வைத்துக்கொள்ளலாம்: பாலினத்தைப் பற்றிய கட்டுப்பாடு வேண்டுமென்றால் அதை ஊரில் எழுதுங்கள், உடலில் எழுதாதீர்கள்.

தலைகீழாகத் திருப்பிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டி அண்ட் டியின் ட்ரோ அப்படித்தான், பாதாளத்தில் வாழும் எல்ஃப் என்ற மனிதரைப் போன்ற மாய இனம் அது. சிலந்தித் தெய்வம் லோல்த், பூசாரிகள் எல்லாம் பெண்கள், ஆண்கள் கீழே. பல வருடமாக அந்தச் சமூகத்தைக் கொடூரமானதாக மட்டுமே காட்டினார்கள். பெண்கள் ஆளும் ஊர் என்றாலே விஷமும் சவுக்கும்தான் என்று ஆகிப்போனது, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

1975இல் வந்த டெக்குமேல் என்ற உலகம் இதைவிடக் கூர்மையாக யோசித்தது. அங்கே சோல்யானு பேரரசில் பெண் வழக்கமாகக் குலத்தின் பொறுப்பில் இருப்பாள். ஆனால் தன்னை 'அரிடானி' என்று அறிவித்துக்கொண்டால், சட்டத்தின் முன் ஆணுக்குள்ள எல்லா உரிமையும், கூடவே எல்லாக் கடமையும் அவளுக்கு வந்துவிடும். படையில் சேரலாம், ஒன்றுக்கு மேற்பட்ட கணவரை வைத்துக்கொள்ளலாம், தான் செய்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டும். சட்டத்தில் வாசல் இருக்கிறது, ஆனால் அதில் நுழைவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. இந்த உலகத்தை உருவாக்கிய பேராசிரியர் வேறு பெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை அவருடைய படைப்புகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த உலகத்தை எடுக்க வேண்டும், தெரியாமல் எடுக்கக் கூடாது.

குளோராந்தா: கொடுத்து வாங்கும் தெய்வங்கள்

விலக்கு விஷயத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் உலகம் குளோராந்தா. கிரெக் ஸ்டாஃபோர்டு 1966இல் எழுதத் தொடங்கியது, 1978இல் ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டாக வந்தது, இன்றும் ஆடப்படுகிறது. இங்கே ஒரு பாத்திரத்தின் தொழிலைவிட அது எந்தத் தெய்வத்தின் வழிபாட்டில் சேர்ந்திருக்கிறது என்பதே முக்கியம். தெய்வம் வரம் கொடுக்கும், பதிலுக்கு எதையாவது கேட்கும்.

ஹுமக்ட் என்ற மரணத்தின் தெய்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வழிபடுபவருக்கு வாளில் வரம் கிடைக்கும், ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலக்கு கூடவே வரும். பொய் சொல்லக் கூடாது, பதுங்கித் தாக்குவதில் சேரக் கூடாது, இப்படி. மீறினால் வரம் போய்விடும். அதைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. செத்தவரை மந்திரத்தால் எழுப்ப முடிகிற உலகத்தில், ஹுமக்ட்டின் ஆள் மட்டும் செத்தால் செத்ததுதான், எழுப்பவே கூடாது. இதை ஏற்று ஒருவர் அந்த வழிபாட்டில் சேர்கிறார் என்றால், பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளான கேரக்டர் ஷீட்டில் வேறு எதுவும் எழுதாமலே அவர் யாரென்று தெரிந்துவிடும். பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தவர்களுக்கு இதன் உள்கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிராக்ஸ் என்ற வறண்ட சமவெளியில் இன்னொரு கதை. பஞ்ச காலத்தில் மனிதரும் விலங்கும் பிழைக்க வழியில்லாமல் வாஹா என்ற தெய்வத்தின் முன் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். தோற்றவர் அறிவை இழந்து புல் மேய வேண்டும், ஜெயித்தவர் அவர்களை மேய்த்து உண்ண வேண்டும். காட்டெருமை, லாமா, மான் வகைகள் எல்லாவற்றிடமும் மனிதர் ஜெயித்தார்கள். ஒரே ஒரு இனத்திடம் மட்டும் தோற்றார்கள். அந்த இனம், நம்ம நெடுஞ்சாலை ஓரத்து எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கும் நீண்ட மூக்குள்ள தாபிர் விலங்கைப் போன்ற மோரோகாந்த். ஆகவே அங்கே அறிவில்லாத மனித மந்தைகளை மோரோகாந்துகள் மேய்க்கின்றன, மற்ற குலங்கள் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே வாழ்கின்றன. நமக்குக் குடலைப் பிரட்டும் விஷயம் அங்கே ஒப்பந்தப்படி சரியானது.

இந்த ஒப்பந்தத்திலிருந்துதான் ஆண் பெண் வேலைப் பிரிவினை முளைக்கிறது. மந்தை எய்ரித்தா என்ற தாய்த்தெய்வத்துக்குச் சொந்தம், அதனால் மந்தையைப் பேணுவது அவளை வழிபடும் பெண்களின் பொறுப்பு. அறுப்பதும் காப்பதும் வாஹாவை வழிபடும் ஆண்களின் வேலை. அறுக்கும்போது விலங்கின் ஆவி நிம்மதியாகத் தாயிடம் திரும்பிப் போகும்படி ஒரு சடங்கோடு வெட்ட வேண்டும், ரூன்குவெஸ்டில் இதற்கென்று தனித் திறனே இருக்கிறது. ஆகவே ஒரு பிராக்ஸ் ஆண் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் அவனுடைய சாப்பாடு பெண்கள் பேணும் மந்தையிலிருந்துதான் வர வேண்டும். இப்படி ஒருவரை ஒருவர் நம்பியே ஆக வேண்டிய நிலையில் வைத்திருப்பதால், அந்தப் பிரிவினையை நாம் ஏற்காவிட்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று புரிகிறது.

மலைநாட்டு ஓர்லாந்தி மக்களிடம் பார்த்தால் ஓர்லாந்த் புயல் தெய்வம், அவர் மனைவி எர்னால்டா பூமித்தாய். ஆண்கள் ஓர்லாந்தை, பெண்கள் எர்னால்டாவை வழிபடுவது பொதுவழக்கம். ஆனால் எல்லோரும் அதில் பொருந்த மாட்டார்கள் என்பது அந்தச் சமூகத்துக்கே தெரியும். ஆயுதம் ஏந்த விரும்பும் பெண்ணுக்கு விங்கா இருக்கிறாள். ஓர்லாந்தின் மகள் என்றும், அவரின் பெண் வடிவம் என்றும் வெவ்வேறு நூல்கள் சொல்கின்றன. விங்காவிடம் போனவள் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வாள். தூரத்திலிருந்து பார்த்தாலே, இவளிடம் அடுப்பு வேலை கேட்காதே, படையில் இடம் கொடு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டையும் குழந்தையையும் பார்க்க விரும்பும் ஆணுக்கு நாண்டன் என்ற தெய்வம். எர்னால்டாவின் மகள் பாபீஸ்டர் கோர் கோடரி ஏந்தியவள், பூமிக் கோயில்களைக் காப்பதும் தீட்டுப்படுத்தியவனைத் தேடிப் பழிவாங்குவதும் அவளை வழிபடும் பெண்களின் வேலை. பக்கத்து நாடான எஸ்ரோலியாவில் பெண்களே ஆட்சி, பாட்டிமார்கள் சொன்னால் ராணியே கேட்டாக வேண்டும். ஒரே தெய்வக் குடும்பம்தான், ஊர் மாறினால் யார் கை மேலே என்பது மாறிவிடுகிறது.

இதில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்லிவிடுகிறேன். விங்காவிடம் போகும் பெண்தான் அடையாளம் காட்டிக்கொண்டு திரிய வேண்டும், வழக்கத்துக்குள் இருப்பவளுக்கு எந்தச் சாயமும் தேவையில்லை. வாசல் வைத்தது சரி, வாசலில் நிற்பவள் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது நமக்குப் பழகிய அநியாயம். நல்ல கேம் மாஸ்டர் இதை மறைக்க மாட்டார், கதையில் கொண்டுவருவார்.

தெய்வமே இல்லாத விலக்கும் குளோராந்தாவில் உண்டு. பிரிதினி என்ற மக்கள் எந்தத் தெய்வத்தையும் வழிபடுவதில்லை. உழவர், படையாள், மந்திரவாதி, பிரபு என்று பிறப்பால் பிரிந்த சாதிகள். தன் சாதியின் சட்டத்தை அணுவளவும் மீறாமல் வாழ்பவருக்கு மூப்பே கிடையாது, மீறினால் வயதாகத் தொடங்கும். சாதியைக் காப்பதற்கு நிஜமாகவே சாகாவரம் கிடைக்கும் ஒரு உலகம். தமிழ் மேசையில் இதைப் படிக்கும்போது வயிற்றை ஏதோ செய்யும், செய்ய வேண்டும். ஏனென்றால் இங்கே கேள்வி மாறுகிறது. சாதி பொய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது உண்மையாகவே பலன் தருகிறது என்றாலும் அப்படி வாழலாமா? உழவன் ஒருவன் தன் குழந்தையைக் காப்பாற்ற வாளை எடுத்து, அந்த நிமிடமே சாகாவரத்தை இழக்கிறான் என்று ஒரு காட்சி வைத்துப் பாருங்கள்.

நம்ம மண்ணிலிருந்து

மேற்கிலிருந்து வந்த இந்த உலகங்களை அப்படியே எடுக்க வேண்டும் என்று இல்லை. கோலாலம்பூர் என்ற ஊரே 1857இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்டப் போனவர்களால் உருவானது. ஈயச் சுரங்கம் என்றால் பாவாங் இருப்பார், மண்ணின் ஆவிகளோடு பேசத் தெரிந்தவர். 19ஆம் நூற்றாண்டில் பேராக் சுரங்கங்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதி வைத்த குறிப்புகளில் பாவாங்கின் விலக்குகள் வரிசையாக வருகின்றன. சுரங்கத்துக்குள் செருப்பு ஆகாது, குடை ஆகாது, பாவாங்கைத் தவிர யாரும் கறுப்புச் சட்டை போடக் கூடாது. மீறினால் அபராதம். ரூன்குவெஸ்ட் வருவதற்குச் சுமார் நூறு வருடம் முன்னாலேயே நம்மூரில் விலக்குக்கு விலைப்பட்டியல் இருந்திருக்கிறது.

சரவாக்கில் கற்பூர மரம் தேடிக் காட்டுக்குள் போனவர்களைப் பற்றிய பதிவு இன்னும் முக்கியம். கணவன் காட்டில் இருக்கும்போது மனைவி வீட்டில் சீப்பைத் தொடக் கூடாது, தொட்டால் மரத்தின் நார்களுக்கு இடையே கற்பூரம் இல்லாமல் சீப்புப் பல் இடைவெளி மாதிரி வெறுமையாக இருக்குமாம். அவள் கற்பு தவறினால் எடுத்த கற்பூரம் ஆவியாகிப் போய்விடுமாம். ஆண் வெறுங்கையோடு திரும்பினால் பழி யார்மேல் விழும் என்று பாருங்கள். பாலினமும் விலக்கும் சேரும் இடத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது: உழைப்பு ஒரு பக்கம், கட்டுப்பாடு இன்னொரு பக்கம்.

எல்லா விலக்கும் ஒடுக்குவது இல்லை என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. பிள்ளை பெற்றவளை வீட்டோடு வைத்திருப்பது மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் மூன்றிலும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் வழக்கமாக 44 நாள் வைப்பார்கள், சீனர்கள் ஒரு மாதம். இதைச் சாப்பிடாதே, அங்கே போகாதே என்ற தொல்லை ஒரு பக்கம். எண்ணெய் தேய்த்து விடுவதும், வேறு வேலை கேட்காமல் உடம்பு தேற விடுவதும் இன்னொரு பக்கம். இப்படி இரண்டு முகமும் உள்ள விலக்குதான் கதைக்கு நல்லது, ஏனென்றால் அதே வீட்டுக்குள் ஒருத்தி அதைச் சிறை என்பாள், அவள் அக்காள் அதை ஓய்வு என்பாள், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்.

மலேசியர்களான ஸெடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து செய்த 'ஏ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிற்றிதழ் வரிசை, தென்கிழக்காசியக் கற்பனையிலிருந்தே பாத்திரமேற்று உலகங்களை எழுத முடியும் என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. முதலைகள் ஆளும் ராஜ்ஜியம் ஒன்று அதில் வருகிறது. நம்முடைய தோட்டப்புற முனியாண்டிக்கும் எல்லைச்சாமிக்கும் அப்படி ஒரு உலகம் இன்னும் எழுதப்பட வேண்டும்.

சுரங்க வாசலில் ஒரு காட்சி

இப்போது நாமே ஒரு விலக்கைச் செய்வோம். ஊர் ஒரு ஈயமலை. ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழுவில் ஒரு பெண் வீராங்கனை. சுரங்க வாசலில் பாவாங் கை நீட்டித் தடுக்கிறார்: "பெண் உள்ள வந்தா ஈயம் ஓடி ஒளிஞ்சிக்கும்."

ஆட்டக்காரர் கேட்கிறார்: "அண்ணே, என் கேரக்டர் தள்ளிவிட்டுட்டுப் போறா லா. என்ன நடக்கும்?"

"முடியாதும்மா, விலக்கு" என்பது மட்டுமே பதில் என்றால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பெண் அடுத்த வாரம் வராவிட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த ஐந்துக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருந்தால் நிலைமை வேறு.

1. காப்பதால் என்ன கிடைக்கிறது? மலையின் ஆவி ஒரு தாய், ஈயம் அவள் பிள்ளைகள். இன்னொரு தாய் உள்ளே வந்தால் பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடுவாளோ என்று பயந்து ஒளித்துவிடுவாள். விலக்கைக் காத்தால் ஈயம் கண்ணுக்குத் தெரியும்.

2. மீறினால் என்ன விலை, யார் தலையில்? அவள் நுழைந்தால் அந்த மாதம் ஈயம் கிடைக்காது, ஊரே பட்டினி. தண்டனை மீறியவளுக்கு மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும். அப்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

3. ஆண்களுக்கு என்ன விலக்கு? உலை பெண்களுடையது. ஆண் கை பட்டால் ஈயம் உருகாது. தோண்டியதை உலைக்காரி வாங்க மறுத்தால் சுரங்கக்காரனிடம் இருப்பது வெறும் கல்.

4. விதிவிலக்கு எங்கே? கறுப்புச் சட்டை போட்டவர் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பாவாங். ஒரு பெண் பாவாங்கிடம் சீடராகச் சேர்ந்து, பிள்ளை பெறுவதில்லை என்று மலைத்தாயிடம் சத்தியம் செய்தால் சட்டை கிடைக்கும். விலை பெரிது, ஆனால் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

5. சொல்வது தெய்வமா, பூசாரியா? இதுதான் ஆழமானது, இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மலைத்தாய் நிஜமாகவே பயப்படுகிறாளா, அல்லது மூன்று தலைமுறைக்கு முன் ஒரு பாவாங் உலைக்காரிகளிடமிருந்து சுரங்கத்தின் பங்கைப் பிடுங்குவதற்காகக் கட்டிய கதையா? தெய்வங்கள் நிஜமாக இருக்கும் உலகத்தில்கூடத் தெய்வம் சொன்னதும் பூசாரி சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாதி நிஜம் பாதி கட்டுக்கதை என்று வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஒரு காலத்தில் ஒரு தாயை அவள் பயந்தது உண்மை. எல்லாப் பெண்களையும் தடுக்கச் சொன்னது பாவாங்கின் சேர்க்கை.

இப்போது அதே ஆட்டக்காரர் தள்ளிவிட்டுப் போகிறேன் என்றால், நடத்துபவர் தடுக்க வேண்டாம். "போகலாம்மா. பின்னால் வரும் சுரங்கக்காரன் முகம் வெளுக்கிறது. 'என் பிள்ளைகளுக்கு இந்த மாசம் நீதான் சோறு போடணும்' என்கிறான்." முடிவு இப்போது அவர் கையில்.

மேசையில் இருப்பவர்களின் விலக்கு

மேலே சொன்னதெல்லாம் உலகத்துக்குள். வெளியே நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் விலக்குகள் இருக்கின்றன. மாதவிடாய் நாளில் பூசையறைப் பக்கம் போகாதே என்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு, சனிக்கிழமை மாலை பொழுதுபோக்க வந்த இடத்திலும் அதையே கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ் மேசையில் தீட்டையும் சாதியையும் எல்லோரும் வாய்விட்டுச் சம்மதிக்காமல் உலகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது என் திடமான கருத்து. 'எல்லாரும் ஆம்பளைங்கதானே' என்பதும் சம்மதம் ஆகாது, மேசையில் யார் எந்தச் சாதிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் அமர்வை செஷன் ஜீரோ என்கிறார்கள். விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் தந்த லைன்ஸ் அண்ட் வெயில்ஸ் முறையில், கதையில் வரவே கூடாதவை ஒரு பட்டியல், வரலாம் ஆனால் விவரிக்காமல் கடந்துவிட வேண்டியவை இன்னொரு பட்டியல். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸின் எக்ஸ் கார்டு இன்னும் எளிது, மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை, யாராவது தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். மாட்டிறைச்சி ஆகாதவர், பன்றி ஆகாதவர், இரண்டும் ஆகாதவர் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிய ஊர் இது, இன்னொருவர் ஆகாது என்றால் ஏன் என்று துருவாமல் தட்டை நகர்த்தி வைக்க நமக்குத் தெரியும்.

வேறு மதத்தின் வழிபாட்டை எடுத்துக் கற்பனைத் தெய்வமாக மாற்றும்போதும் அதே கவனம் வேண்டும். சாலையோரச் சிவப்பு மாடத்தில் இருக்கும் டத்தோக் கோங் என்ற காவல் ஆவிக்குச் சீனர்கள் பன்றியைப் படைப்பதில்லை, ஏனென்றால் அந்த ஆவியை முஸ்லிம் மலாய்க்காரராகக் கருதுகிறார்கள். ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின் விலக்கை மதித்துத் தன் வழிபாட்டையே மாற்றிக்கொண்ட அருமையான வழக்கம் இது. இதை உலகத்தில் பயன்படுத்தலாம், பெயரை மாற்றி, கேலி இல்லாமல், சீன நண்பரும் மலாய் நண்பரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கூச்சமில்லாமல் வாசித்துக் காட்ட முடிகிற மாதிரி.

விலக்கை மாற்றுவது

கடைசியாக, விலக்கை உடைப்பதும் மாற்றுவதும் ஒன்றில்லை. உடைப்பது ஒரு நிமிடம். மாற்றுவதுதான் பெரிய சாகசம்.

குளோராந்தாவில் இதற்கு ஹீரோகுவெஸ்ட் என்று பெயர். விலக்கு பிறந்த புராணக் காலத்துக்குச் சடங்கின் வழியாகவே போய், அந்தக் கதையை மறுபடி நடித்து, ஒரு இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வது. ஜெயித்தால் அந்த ஊரில் வழக்கமே மாறலாம். தோற்றால் போனவர் மட்டும் இல்லை, அனுப்பி வைத்த ஊரும் அடிபடும். அதனால் ஊர்க்காரர்களின் ஆதரவு இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஆதரவு திரட்டுவதே பாதிக் கதை.

ஈயமலையில் இதைச் செய்வதென்றால், வீராங்கனை முதலில் உலைக்காரிகளைச் சேர்க்க வேண்டும், அவர்களில் சிலர் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் சுரங்கம் பெண்களுக்குத் திறந்தால் உலை ஆண்களுக்குத் திறக்கும். இந்த எதிர்ப்பை முட்டாள்தனமாகக் காட்டாதீர்கள், அவர்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அது. அப்புறம் பாவாங்கின் வம்சக்கதையில் எங்கே சேர்க்கை நடந்தது என்று தோண்ட வேண்டும். கடைசியாகத்தான் மலைத்தாயின் முன் நின்று பேசுவது. இதற்கு இரண்டு மூன்று அமர்வாவது ஒதுக்குங்கள். முடிவில் சுரங்கம் திறந்ததா, உலை என்ன ஆயிற்று, யாருக்கு எந்தப் பிடி போனது என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குழு மறுபடி அந்த ஊர்ப் பக்கம் வரும்போது, ஈயத்தின் விலையிலும் கல்யாணப் பேச்சிலும் அந்த மாற்றம் தெரிய வேண்டும்.